சாம்பிளுக்கு வந்த மேகம்

வெம்பூரணியில் மழை அச்சாபீசிலிருந்து வர ஆரம்பித்தபோது யாரும் வாயைப் பிளக்கவில்லை. அந்த ஊருக்குக் கல்யாணமும் காதுகுத்தும் கருமாதியும் கோயில் கொடையும் தேர்தலும் அச்சாபீசிலிருந்துதான் வந்துகொண்டிருந்தன, மழை ஒன்றுதான் பாக்கி, இப்போது அதுவும் வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டார்கள். வந்த மழை எல்லாருக்கும் ஒரே மாதிரி வருகிறதா என்பதுதான் அவர்கள் கவலையாக இருந்தது.

அச்சாபீஸ் வைத்திருந்த செல்லையா அண்ணாச்சி, பிளேட்டு கிளேட்டு ஒன்றும் இல்லாமல் கம்ப்யூட்டரிலிருந்து நேராகத் தாளில் அடிக்கிற டிஜிட்டல் மெஷினை வாங்கி இறக்கி, அதில் போட்ட முதல் வேலை விதைக்கடைக் காலண்டர். கீழே உழுது போட்ட கரிசல்காடு, மேலே கன்னங்கரேலென்று இறங்கி நிற்கிற மேகம், நடுவில் சாய்ந்து விழுகிற மழை, அவ்வளவுதான் படம். பிறந்ததிலிருந்து வெயிலைத் தவிர வேறெதையும் அதிகம் பார்த்திராத வெயிலுமுத்து என்கிற சம்சாரி பருத்தி விதை வாங்கப் போன இடத்தில் இனாமாகக் கிடைத்த அந்த அட்டையைக் கொண்டுபோய் வீட்டுச் சுவரில் ஆணியடித்து மாட்டிவிட்டுக் காட்டுக்குப் போனார். அவர் காட்டின் நான்கு வரப்புக்குள் மட்டும் மேகம் கட்டி, படத்தில் சாய்ந்த அதே பக்கமாகச் சாய்ந்து, மழை பெய்துகொண்டிருந்தது. அவர் வரப்புக்கு வெளியே நின்று பீடியைப் பற்றவைத்து முழுசாகக் குடித்து முடித்துவிட்டு உள்ளே போய் நனைந்தார்.

மறுநாள் விதைக்கடை வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்துப் போலீஸ் வந்தது, வந்த போலீஸ்காரரும் ஊரில் அம்மாவுக்கு இரண்டு ஏக்கர் கிடக்கிறது என்று வரிசையில் நின்றார். சுற்றுவட்டாரத்துக் கிராமமெல்லாம் காலண்டர் மாட்டியது, காலண்டர் மாட்டிய வீட்டுக் காடெல்லாம் நனைந்தது. அதன் நெளிவுசுளிவுகளை ஜனங்கள் தாங்களாகவே கற்றுக்கொண்டார்கள். அட்டையைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைத்தால் மழை நிற்கும். அதனால் கல்யாண வீட்டார் தாம்பூலம் வைக்கும்போதே அன்றைக்குக் காலண்டரைத் திருப்பி வையுங்கள் என்று தெருத்தெருவாகச் சொல்லிவிட்டு வந்தார்கள், தீப்பெட்டி ஆபீஸ்காரர்கள் குச்சி காயப்போடுகிற நேரத்தை முன்கூட்டியே தண்டோரா போட்டார்கள். ஜெராக்ஸ் எடுத்து மாட்டியவர்களுக்கு இடி மட்டும் இடித்தது. போனில் படம் பிடித்து வாட்ஸப்பில் அனுப்பிக்கொண்டவர்களுக்கு மேகம் வந்து எட்டிப் பார்த்துவிட்டு அடுத்தவருக்குப் போய்விட்டது. கட்சிக்காரர் ஒருவர் மேகத்தோடு தன் படத்தையும் சேர்த்து பஸ் ஸ்டாண்டில் பெரிய பேனர் வைத்தார், பஸ் ஸ்டாண்டில் மட்டும் விடாமல் பெய்து, மதுரை பஸ்ஸுக்கு நின்றவர்கள் அவரை வாயாரத் திட்டினார்கள். அண்ணாச்சியைப் பார்த்து இன்னும் மூன்று அச்சாபீஸ்காரர்கள் அதே மாதிரி மெஷினை இறக்கி அதே படத்தை அடித்தார்கள். அதிலும் மழை வந்தது.

ஆனால் மழை ஒரே மாதிரி வரவில்லை. ஒரு மெஷினின் புள்ளி பெரிது, அதன் மழை சொட்டுச் சொட்டாகக் கல்லெறிந்ததுபோல் விழுந்து பூவை உதிர்த்தது. இன்னொன்றில் நிறத்துக்கு நிறம் சரியாகப் பொருந்தாமல் ரிஜிஸ்டர் ஒரு பக்கமாக விலகியிருந்தது, அதை மாட்டியவனின் மழை வரப்பைத் தாண்டிப் பங்காளி காட்டில் போய் விழுந்து, பங்காளி நன்றி சொல்லாமல் உழுதான். நீலம் தூக்கலாக விழுந்த காப்பி கிணற்றை நிரப்பி வீட்டுக்குள்ளும் தண்ணீர் விட்டது, நீலம் மங்கிய காப்பி புழுதியைக்கூட அடக்கவில்லை. காலையில் மெஷின் குளிர்ந்திருக்கும்போது அடித்ததற்கும் மதியம் சூடேறிய பிறகு அடித்ததற்கும் ஒரு உழவுக்குக் காணுகிற மழை வித்தியாசம் இருந்தது. டீக்கடையில் சம்சாரிகள் கையில் லென்ஸோடு உட்கார்ந்து ஒருவர் காப்பியை ஒருவர் குறைசொன்னார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் சுவரில் மாட்டியிருக்கிற காப்பியைப் பார்த்துவிட்டுத்தான் காப்பித் தண்ணியை வாங்கிக் குடித்தார்கள்.

இவ்வளவுக்கும் நடுவில் தங்கபுஷ்பம் இருந்தாள். அண்ணாச்சியின் அச்சாபீசில் தரம் பார்ப்பது அவள் வேலை. பாலிடெக்னிக்கில் அச்சுத்தொழில் படித்தவள். மெஷினிலிருந்து விழுகிற தாள்கட்டில் மேலே ஒன்று, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று என்று உருவி, ஜன்னல் வெளிச்சத்தில் விரித்து, மூன்றும் ஒன்றுக்கொன்று மாறாமல் இருந்தால்தான் கட்டை வெளியே விடுவாள். இல்லாவிட்டால் ஒரு வார்த்தை பேசாமல் மூலையைக் கிழித்துப் போட்டுவிடுவாள், அந்தக் கிழிக்கிற சத்தத்துக்கு மெஷின்காரர்கள் பயப்படுவார்கள். யார் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனாலும் பத்திரிகையின் ஓரத்தில் நிறம் கசிந்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மொய் எழுதுவாள் என்று அவளைப் பற்றி ஒரு பேச்சு உண்டு, அதில் பொய் ஒன்றும் இல்லை.

இப்படிப்பட்டவள்தான் தன் சொந்த அக்காவுக்குப் பழுதான காப்பியைக் கொடுத்தாள். அக்கா பெயர் சுடலைவடிவு. காலண்டருக்கு ஊரே வரிசை நின்ற நாளில் ஆளாளுக்கு ஒரு காப்பியைப் பார்த்துப் பார்த்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த தங்கபுஷ்பம், அக்காவின் முறை வந்தபோது வரிசை முழுவதும் தன் கையையே பார்ப்பதை உணர்ந்தாள். தன் ஆளுக்கு நல்லதாகப் பொறுக்கிக் கொடுக்கிறாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்று முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, கைக்கு வந்ததை உருவிக் கொடுத்தாள். மெஷினில் மை பீய்ச்சுகிற துளை ஒன்று அடைத்துக்கொண்டதில், அந்தக் காப்பியின் நடுவே மேலிருந்து கீழாக மயிரிழை கனத்தில் ஒரு வெள்ளைக்கோடு விழுந்திருந்தது. தாளில் மயிரிழை என்றால் காட்டில் மாட்டுவண்டி போகிற அகலம். சுடலைவடிவின் பருத்திக் காட்டில் இரண்டு பக்கமும் மழை பெய்ய, நடுவில் வகிடு எடுத்ததுபோல் ஒரு பட்டை மட்டும் சொட்டு விழாமல் வெயிலில் வெடித்தது. தங்கபுஷ்பம் வேறு காப்பியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அக்கா கதவைத் திறக்கவில்லை. அன்றோடு பேச்சு நின்றது.

அதற்குப் பிறகு அடித்த காப்பிகளும் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. வாரத்துக்கு வாரம் மழை இளைத்தது. பெய்ததும் வெறும் தூறலாக, லேசாக மஞ்சள் தட்டி, கற்பூர வாசத்தோடு வந்தது. கற்பூரம் மணக்கிறது என்பதால் ஜனங்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள், தெய்வமே நேரில் இறங்கிவிட்டது என்று மழையில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். விதைதான் முளைக்கவில்லை. சுடலைவடிவு ஆட்டுக்குட்டிகளை விற்று மறுபடியும் பருத்தி விதை வாங்கி, முதல் விதைப்பு கருகிய மண்ணில் இரண்டாவது தடவையாக ஊன்றினாள். அவள் புருஷன் ஏற்கெனவே திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான், நிலத்தை விற்றுவிட்டு வந்துசேர் என்று போனில் சொல்லிக்கொண்டே இருந்தான். இந்த விதையும் போனால் வீட்டைப் பூட்டிவிட்டுப் போய்விடுவதாக அக்கா தெருவில் சொன்னது தங்கபுஷ்பத்தின் காதுக்கு வந்தது. கூடப் பிறந்தவள் தன்னால் ஊரைவிட்டுப் போகப்போகிறாள் என்று நினைத்து அவள் பாதிச் சோற்றில் எழுந்துபோனாள்.

நான்கு அச்சாபீசும் சேர்ந்து மெஷின்களை எல்லாம் ஒரே நிறத்துக்குக் கொண்டுவரும் பொறுப்பை அவளிடமே ஒப்படைத்தன. அவள் ஒவ்வொரு மெஷினாகப் போய்ப் பார்த்தாள். துளையடைப்பை எடுத்தாள், விலகலைத் திருத்தினாள், மெஷின் சூடேறுகிறவரை விழுகிற தாளை ஒதுக்கச் சொன்னாள். எல்லாம் செய்தும் நிறம் மட்டும் மெல்ல மெல்ல நழுவிக்கொண்டே இருந்தது. ஆச்சரியம் என்னவென்றால் நான்கு மெஷினும் ஒரே திசையில் நழுவின. ஒருநாள் வேலை முடிந்து போகும்போது அவள் மேல் அந்தக் கற்பூரத் தூறல் விழுந்தது. வெள்ளை ரவிக்கைக் கையில் விழுந்த சொட்டு காய்ந்து மஞ்சளாகக் கறை பிடித்தது. அவள் அதை மோந்து பார்த்தாள். உடனே திரும்பி நடந்து, செருப்பை வாசலில் விட்டு, அண்ணாச்சியின் ஆபீசில் பிள்ளையார் படம் இருக்கிற அலமாரிக்கு முன்னால் போய் நின்றாள்.

அங்கே சாமி காப்பி இருந்தது. மெஷினில் முதலில் விழுகிற தாள் சாமிக்கு என்பது வெம்பூரணி அச்சாபீஸ்களின் வழக்கம். அதன் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, நடுவில் குங்குமம் வைத்து, சூடம் காட்டிப் பிள்ளையார் பாதத்தில் வைப்பார்கள். முதல் மழையைக் கொண்டுவந்த வேலையின் முதல் காப்பி என்பதால் இதற்கு வெள்ளிக்கிழமைதோறும் கூடுதல் மரியாதை, அக்கம்பக்கத்து அச்சாபீஸ்காரர்களும் வந்து ஆளுக்கொரு கட்டி சூடம் கொளுத்திவிட்டுப் போவார்கள். காலண்டர் அடிக்கும்போதெல்லாம் இந்தச் சாமி காப்பியை எடுத்துப்போய்ப் பக்கத்தில் வைத்துத்தான் நான்கு அச்சாபீஸ்காரர்களும் நிறத்தை ஒத்துப்பார்த்துக்கொண்டிருந்தார்கள். தங்கபுஷ்பமும்தான் ஒத்துப்பார்த்தாள். அவள் அதை ஜன்னலுக்குக் கொண்டுபோய் லென்ஸ் வைத்தாள். மேகத்தின் நீலப் புள்ளிகளுக்கு மேல் மஞ்சளும் புகையும் ஏடாகப் படிந்து கிடந்தன. நான்கு மெஷினும் நாலா பக்கத்துக் காடும் அந்தப் புகையைத்தான் இத்தனை நாளாகக் கண்ணுங்கருத்துமாகப் பின்பற்றியிருந்தன.

அண்ணாச்சிக்கு இதைக் கேட்டு முகம் சுண்டிவிட்டது.

“சாமி காப்பியவே தப்புங்கிறியா தங்கம்?”

“சாமியச் சொல்லல அண்ணாச்சி. மஞ்சளச் சொல்றேன்.”

அவர் பிள்ளையாரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, அப்படியானால் வேறு எதை வைத்து ஒத்துப்பார்ப்பாய் என்று கேட்டார். அது நியாயமான கேள்வி. வீடுகளில் மாட்டியிருந்த பழைய காப்பிகள் வெயிலிலும் அடுப்புப் புகையிலும் வெளிறிக் கிடந்தன. கம்ப்யூட்டரில் படம் பத்திரமாக இருந்தாலும் திரையில் தெரிகிற நீலம் வேறு, தாளில் விழுகிற நீலம் வேறு என்பது எந்த அச்சுக்காரனுக்கும் தெரியும். மேகத்தை வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்றாள் தங்கபுஷ்பம். ஐப்பசி பிறந்துவிட்டது, கிழக்கே கடலிலிருந்து நிஜ மேகம் ஒன்றாவது இந்தப் பக்கம் வரும், அதற்கு வானம் காலியாக இருக்க வேண்டும், ஆகவே எல்லா வீட்டிலும் காலண்டரைத் திருப்பி வைக்க வேண்டும் என்றாள்.

கண்மாய்க்கரையில் ஊர் கூடியது. விதை மண்ணுக்குள் கிடக்கும்போது, வருகிற கொஞ்சநஞ்சத் தூறலையும் நிறுத்தச் சொல்கிறாளே, இவளுக்குக் கிறுக்கா என்றார்கள். மேகம் வராமலே போய்விட்டால் என்ன செய்வது என்று வெயிலுமுத்து கேட்டார். வந்துவிடும் என்று அவள் வாக்குக் கொடுக்கவில்லை, கற்பூரத் தூறலில் ஒரு விதையாவது முளைத்ததா என்று மட்டும் திருப்பிக் கேட்டாள். முணுமுணுத்துக்கொண்டே போய் வீடு வீடாகத் திருப்பி வைத்தார்கள். சாயங்காலத்துக்குள் வானம் துடைத்துவிட்டதுபோல் ஆனது, சுடலைவடிவின் காட்டுக்கு மேல் மட்டும் நடுவில் பிளந்த சின்ன மேகம் ஒன்று நகராமல் நின்றது.

தங்கபுஷ்பம் அக்கா வீட்டுக்குப் போனாள். கதவு திறந்திருந்தது. சுடலைவடிவு சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள், நிமிர்ந்து பார்க்கவில்லை.

“காலண்டரத் திருப்பி வைக்கணும்க்கா.”

“அதுல பேஞ்சதே பாதி. அதையும் நிறுத்தணுமாக்கும்.”

“ஊரெல்லாம் திருப்பியாச்சு.”

சுளகு நின்றது. “ஊருக்கெல்லாம் பாத்துப் பாத்துக் குடுத்த. எனக்கு மட்டும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டுக் குடுத்தியேடி. நான் என்ன, வரிசையில வந்து நின்ன யாரோவா?”

தங்கபுஷ்பம் இதற்கு ஆயிரம் பதில் யோசித்து வைத்திருந்தாள். அதையெல்லாம் விட்டுவிட்டுச் சொன்னாள்: “யாரும் ஒண்ணும் சொல்லிறக் கூடாதுன்னு பாத்தேன். ஒன்னயப் பாக்கல. தப்புதான்க்கா.”

சுடலைவடிவு எழுந்துபோய் அட்டையைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள். இந்த விதையும் போனால் கிளம்பிவிடுவேன், அதையும் தெரிந்துகொள் என்று முதுகைக் காட்டியபடியே சொன்னாள். வெளியே அந்தச் சின்ன மேகம் கலைந்தது.

பிறகு வெயில் அடித்தது. கண் கூசும் வெயில், காக்கை பறக்காத வெயில், மண்ணுக்குள் கிடக்கிற விதையைத் தேடித் தேடிச் சுடுகிற வெயில். தங்கபுஷ்பத்தைத் தெருவில் பார்த்தவர்கள் வணக்கம் சொல்வதை நிறுத்திக்கொண்டார்கள். சிலர் காலண்டரின் ஓரத்தைப் பிடித்துத் திருப்பலாமா வேண்டாமா என்று நின்றுவிட்டு, பக்கத்து வீட்டுக்காரர் திருப்பாததால் தாங்களும் திருப்பாமல் விட்டார்கள். அவள் தினமும் கண்மாய்க்கரையில் போய் நின்றாள். கையில் நிறம் அளக்கிற கருவி, தோளில் மாட்டிய பையில் நீலத்தைக் கூட்டியும் குறைத்தும் அடித்த மாதிரித் தாள்கள், பக்கத்தில் குடையோடு செல்லையா அண்ணாச்சி. அவர் வாய்க்குள் பிள்ளையாரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

கடைசியில் ஒரு முற்பகலில் கிழக்கேயிருந்து மேகம் வந்தது. தனியாகத்தான் வந்தது, கறுப்பும் நீலமுமாக, ஒரு சொட்டு மஞ்சள் இல்லாமல். கண்மாய்க்கு மேல் வந்ததும் வேகம் குறைந்து, கீழே நிற்கிறவர்களைப் பார்த்து, போட்டோ ஸ்டூடியோவில் உட்காருகிறவரைப்போல் கொஞ்சம் அடக்க ஒடுக்கமாகக் கரைவரைக்கும் இறங்கி நின்றது. தங்கபுஷ்பம் கருவியைத் தாளில் வைப்பதுபோலவே மேகத்தின் மேல் வைத்து ஓரத்தில் அளந்தாள், வயிற்றில் அளந்தாள், மழை புறப்படுகிற அடிப்பாகத்தில் குனிந்து அளந்தாள், ஈரம் படிந்த கண்ணாடியை முந்தானையால் துடைத்துத் துடைத்து மறுபடியும் அளந்தாள். பிறகு கருவியை அண்ணாச்சி கையில் கொடுத்துவிட்டு, மாதிரித் தாள்களை ஒவ்வொன்றாக மேகத்தோடு சேர்த்துப் பிடித்துக் கண்ணாலும் பார்த்தாள். ஒரு தாளைப் பிடித்தபோது தாள் எங்கே முடிகிறது, மேகம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. மேகம் சாம்பிளுக்கு என்று நாலு சொட்டுப் போட்டுவிட்டு, நிமிர்ந்து, மேற்கே மலையைப் பார்த்துப் போய்விட்டது.

அதற்குப் பிறகு நான்கு அச்சாபீசிலும் யாரும் சரியாகத் தூங்கவில்லை. நான்கு மெஷினையும் அவள் அந்த ஒரு தாளுக்குக் கொண்டுவந்தாள். அடித்த கட்டுகளில் மேலே, நடுவே, அடியில் என்று உருவி, ஒரு மெஷினின் தாளை இன்னொரு மெஷினின் தாளுக்குள் சொருகிக் கலைத்து, எது எங்கே அடித்தது என்று மெஷின்காரர்களையே கண்டுபிடிக்கச் சொன்னாள். கண்டுபிடித்துவிட்டால் கிழித்தாள். கிழிக்கிற சத்தம் தெருமுனைவரை கேட்டது, மெஷின்காரர்கள் அவளைத் திட்டிக்கொண்டே மறுபடியும் அடித்தார்கள். ஒரு கட்டத்தில் எவராலும் கண்டுபிடிக்க முடியாமல் போனது. மேகத்தோடு பொருந்திய தாளை அவள் கறுப்புத் துணியில் சுற்றிப் பூட்டிய இழுப்பறைக்குள் வைத்தாள். சாமிக்கு என்று கட்டின் நடுவிலிருந்து ஒரு காப்பியை எடுத்துக் கொடுத்து, இதற்கு எவ்வளவு வேண்டுமானாலும் மஞ்சள் தடவிக்கொள்ளுங்கள் அண்ணாச்சி என்றாள். அண்ணாச்சி மனசார, நான்கு மூலைக்கும் நடுவுக்கும் சேர்த்துத் தடவினார்.

காப்பி கொடுக்கிற நாளில் மறுபடியும் வரிசை நின்றது. இந்தத் தடவை தங்கபுஷ்பம் எடுத்துக் கொடுக்கவில்லை, கட்டுகளை மேசைமேல் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். வந்தவர்கள் பழக்கதோஷத்தில் லென்ஸை எடுத்து ஒன்றுக்கு இரண்டாக ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, வித்தியாசம் அகப்படாமல் கொஞ்சம் ஏமாற்றத்தோடுகூட எடுத்துப் போனார்கள். சுடலைவடிவு வந்தாள். தங்கச்சியின் முகத்தையே நேராகப் பார்த்தபடி கட்டின் நடுவில் கைவிட்டு ஒன்றை உருவினாள், அதைக் குனிந்துகூடப் பார்க்காமல் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனாள்.

தீப்பெட்டி ஆபீஸ் சங்கு ஊதியதும் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் அட்டையை மாட்டினார்கள். வெம்பூரணியும் சுற்றிக் கிடந்த அத்தனை கிராமமும் ஒரே கூரைக்குள் வந்ததுபோல் வானம் கறுத்தது, விளிம்பில்லாமல், கோடில்லாமல், திட்டில்லாமல் கறுத்தது, பிறகு பெய்தது. பங்காளி காட்டிலும் பெய்தது, பகையாளி காட்டிலும் பெய்தது, சொந்தமாகக் காடே இல்லாதவன் தலையிலும் பெய்தது. சம்சாரிகள் மண்வெட்டியால் கொத்திப் பார்த்து வரப்புக்கு வரப்பு கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டார்கள், எங்கே கொத்தினாலும் ஒரு உழவு ஈரம், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கற்பூரம் மணக்கவில்லை, மண் மணத்தது. வெயிலுமுத்து தன் காட்டில் நனைவதைவிட்டு அடுத்தவர் காட்டில் போய் நனைந்து பார்த்து, ஒண்ணுபோலத்தான்யா இருக்கு என்று அழுதார். மழையில் குழந்தைகள் ஆடினார்கள், கிழவர்கள் ஆடினார்கள், அந்தப் போலீஸ்காரரும் தொப்பியைக் கழற்றிவிட்டு ஆடினார்.

தங்கபுஷ்பம் ஆடவில்லை. அவள் சேற்றில் ஓடி அக்காவின் காட்டுக்குப் போனாள். சுடலைவடிவு காட்டின் நடுவில், வெடித்துக் கிடந்த அந்தப் பட்டையில் குத்தவைத்து உட்கார்ந்து, விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். வடக்குப் பக்கம் போய் விட்டுப் பார்த்தாள். தெற்குப் பக்கம் போய்ப் பார்த்தாள். திரும்ப நடுவுக்கு வந்து மறுபடியும் பார்த்தாள். மூன்று தடவையும் விரல் ஒரே கணுவரைக்கும் நனைந்திருந்தது. அவள் மடியை அவிழ்த்து மிச்சம் வைத்திருந்த பருத்தி விதையை எடுத்து, பாதியைத் தங்கச்சியின் உள்ளங்கையில் கொட்டினாள்.

“ஆழமா ஊனாத. ரெண்டு விரக்கட போதும்.”

பட்டை முழுவதும் இரண்டு பேரும் கொட்டுகிற மழையில் பக்கத்தில் பக்கத்தில் குனிந்து விதை ஊன்றிக்கொண்டே போனார்கள். அவ்வளவு சந்தோஷத்திலும் தங்கபுஷ்பம் விதைக்கு விதை இடைவெளி மாறாமல் பார்த்துக்கொண்டாள்.

மாசி, பங்குனியில் பருத்தி வெடித்தபோது திருப்பூர்க்காரனே லீவு போட்டுவிட்டுப் பறிக்க வந்தான். தங்கபுஷ்பம் ஒரு காலையில் தனியாக வந்து வரப்பில் நின்று, வெள்ளைக்கோடு விழுந்த அந்தப் பட்டை காட்டில் எது என்று தேடினாள். குனிந்து தேடினாள், உள்ளே இறங்கிச் செடி செடியாகப் பார்த்தாள், காயையும் இலையையும் புரட்டிப் பார்த்தாள், பிறகு பையிலிருந்த லென்ஸை எடுத்து வைத்தும் பார்த்தாள். எவ்வளவு நேரம் தேடியும் அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.